குடிக்க விடாத லாட்ஜுக்கு ஒரு நட்சத்திரம்

போன வாரம், லாட்ஜுக்குப் பெயர் வைப்பதில் எங்கள் வீட்டில் நடந்த சண்டையை எழுதினேன். படித்துவிட்டு, "அப்படி என்னதான் பெயர் வைத்தீர்கள்?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்வார். அதோடு, எங்கள் லாட்ஜை வெளியூருக்குத் தெரியப்படுத்தியது அந்தப் பெயர் இல்லை. எங்களை ஒருவர் திட்டிய திட்டு.

பங்குனி மாதம், காலை வெயிலே முதுகில் சுட்ட ஒரு நாள். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் நின்று தலையணை உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். திருநள்ளாறு போகிறவர்கள் தங்கும் லாட்ஜில் தலையணை உறை என்றால் நல்லெண்ணெய் வாடை என்று அர்த்தம். தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளத்தில் முழுகிவிட்டு, ஈரத்தலையோடு வந்து அப்படியே சாய்ந்துவிடுவார்கள். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாடை லேசில் போகாது.

என் மகள் மலர் கையில் போனோடு வந்து நின்றாள். கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். காரணம் இல்லாமல் அந்த நேரத்தில் ரூமை விட்டு வெளியே வர மாட்டாள்.

"அம்மா, ஒண்ணு காட்டுறேன். கத்தக் கூடாது."

"கத்தாதேன்னு சொல்லிட்டுக் காட்டினா எப்படிடீ கத்தாம இருக்கறது? படி."

படித்தாள். நெட்டில் எங்கள் லாட்ஜுக்கு அஞ்சுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு யாரோ ஒரு அம்மாள் எழுதியிருந்தார். "கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்தோம். அறை பெரியது. தண்ணீர் நன்றாக வருகிறது. ஆனால் பக்கத்து அறையில் குடித்துவிட்டு ஒரே கூத்து, சண்டை. என் மாமியாரும் மகளும் வராந்தாவில் கால் வைக்கவே பயந்தார்கள். பெண்களை இங்கே அழைத்து வராதீர்கள்."

கடைசி வரியைக் கேட்டதும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பெண்களை அழைத்து வராதீர்களாம்! நான் யார்? நான் பெண் இல்லையா? அந்த லாட்ஜுக்குப் பின்கட்டில்தானே நானும் என் மகளும் குடியிருக்கிறோம்?

"யாருடீ அது? நம்பர் இருந்தாக் குடு. நாலு கேள்வி நறுக்குனு கேட்டுட்டு வச்சுடறேன்."

"அம்மா, நீ கேட்டேன்னா அந்தம்மா அதையும் சேர்த்து எழுதுவாங்க" என்றாள் மலர்.

எங்கள் ஊர்க் காற்று

காரைக்காலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று சனீஸ்வரன். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டி வந்ததும் சாலைக்கு இரண்டு பக்கமும் கலர் கலராக பிராந்திக்கடை போர்டு. தமிழ்நாட்டு நம்பர் வண்டிகள் அங்கேதான் முதலில் நிற்கும்.

கோட்டுச்சேரி போகிற சாலையில் நாங்கள் லாட்ஜ் கட்டியது கோயிலுக்கு வருகிறவர்களை நம்பித்தான். சனிக்கிழமை கூட்டம் வரும். அங்கிருந்து நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்களும் ஒரு நாள் தங்குவார்கள். மற்ற நாட்களில் வந்தவர்கள் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். பையில் கிளுக் கிளுக் என்று சத்தத்தோடு வருவார்கள். சாவியை வாங்கும்போதே டம்ளர் கேட்பார்கள்.

எனக்குப் பிடிக்காதுதான். எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால், "காரைக்கால்ல லாட்ஜ் வச்சுட்டு குடிக்காதேன்னா எப்படி? கடலோரத்துல வீட்டைக் கட்டிட்டு உப்புக்காத்து வரக் கூடாதுங்கிற கதையால்ல இருக்கு" என்பார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார். மனையும் கட்டடமும் அவர் பெயரில். துடைப்பதும் துவைப்பதும் என் பெயரில்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பக்கத்தில் ரைஸ் மில் இருந்தால் அந்த வீட்டுக்காரர்களுக்கு மில் ஓடுவது தெரியுமா? அப்படித்தான். எனக்குக் கேட்காத சத்தத்தை அந்த அம்மாள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாம் நல்லா இருந்துச்சு அண்ணி

கோபம் தணியாமல் என் நாத்தனார் செல்விக்கு போன் போட்டேன். நெடுங்காட்டில் இருக்கிறாள். ஒரு கல்யாணத்துக்கு வந்து எங்கள் லாட்ஜில்தான் பிள்ளைகளோடு தங்கினாள். கிளம்பும்போது, "எல்லாம் நல்லா இருந்துச்சு அண்ணி, ஒரு குறையும் இல்ல" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனவள். அவளையே சாட்சிக்குக் கூப்பிட நினைத்தேன்.

"செல்வி, நீ சொல்லு. அன்னைக்கு உனக்கு ஏதாவது பயமா இருந்துச்சா?"

பிள்ளைகளை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்குக் கட்டிலைக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் படுத்தோம்."

"அடிப் பாவி! ஏன்டீ அப்பவே சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது? சும்மா தங்க இடம் குடுத்தீங்க. சாப்பாடு போட்டீங்க. மூஞ்சிக்கு நேரா குறை சொன்னா நல்லாவா இருக்கும்?"

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான். பந்தியில் சாம்பார் உப்புக் கரித்தாலும், "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிக் கையைக் கழுவுவோம். குறையைத் திரும்பிப் போகும் பஸ்ஸில் பேசுவோம். யார் வீட்டு விசேஷத்தில் என்ன குறை என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், விசேஷ வீட்டுக்காரரைத் தவிர.

சொந்த நாத்தனார் சொல்லாததை முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளை சொல்லியிருக்கிறார். அவரைத் திட்டவா முடியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஊரெல்லாம் படிக்கும்படி எழுதிவிட்டாரே!

சொந்தக்காரப் படை

அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நட்சத்திரத்தை ஐந்து நட்சத்திரத்தால் மூடிவிடலாம். சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? மாமன், மச்சான், சித்தப்பா, ஓரகத்தி என்று ஒருவர் விடாமல் போன் போட்டு, "நம்ம லாட்ஜுக்கு நட்சத்திரம் போடுங்க" என்று சொன்னேன். எல்லோரும் உருகிப்போய், "இதுகூடச் செய்ய மாட்டோமா?" என்றார்கள். செய்தார்கள்.

நெடுங்காட்டு மச்சான் ரோஜாப்பூ படம் போட்டு, "இனிய காலை வணக்கம்" என்று எழுதியிருந்தார். ஓரகத்தி, "எங்க அக்கா தங்கமானவங்க. நான் அங்க தங்கினது இல்ல" என்று எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது விழிதியூர்ச் சித்தப்பா. என்னையும் லாட்ஜையும் வானளாவப் புகழ்ந்து எழுதிவிட்டு, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

"என்ன சித்தப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏன் தாயி? நம்ம லாட்ஜுதானே முதல்? அதான் ஒண்ணு போட்டேன். அஞ்சாவது ரேங்க் வாங்கின பிள்ளையை யாராவது மெச்சுவாங்களா?"

போதாக்குறைக்கு அதே கணக்கைத் தன் சம்பந்தி வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர்களும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டார்கள். இருந்த மானமும் போயிற்று. மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

"அம்மா, இதெல்லாம் எடுக்கச் சொல்லு. சொந்தக்காரங்க எழுதினதுன்னு பார்த்தாலே தெரியுது. அந்தம்மா எழுதினது மட்டும்தான் நிஜம். அதுக்குப் பதில் சொல்லு."

"என்ன பதில்?"

"நீ என்ன பண்ணப் போறேன்னு."

மேஜைக்கு இந்தப் பக்கம்

அதற்கு முன்னால் கதிரேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பார் நடத்துகிறவர். மரியாதையாகத்தான் பேசுவார். லாட்ஜை மொத்தமாக வாடகைக்குக் கேட்டு, கீழே பார், மேலே ரூம் என்று எங்கள் வீட்டுக்காரரிடம் திட்டமே போட்டுக் காட்டிவிட்டார். வருகிற வாடகையில் நாங்கள் காலை நீட்டிக்கொண்டு சாப்பிடலாம். என் வீட்டு வாசலில் பார்! மலர் வெளியே போனால், வந்தால், அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மாட்டேன்" என்றேன். "உயிரோட இருக்கற வரைக்கும் மாட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. "வாரத்துல பாதி நாளு ரூம் காலியாக் கெடக்கு, வசந்தா. எனக்கும் வயசாகுது. ஆடி வரைக்கும் பாரு. ஆடியில புதுசா எதையும் ஆரம்பிக்க முடியாது. ஆவணி பிறக்கட்டும். அதுக்குள்ள ரூம் நிறைஞ்சா உன் இஷ்டம். இல்லேன்னா நான் சரின்னு சொல்லிடுவேன்" என்றார்.

இந்த நிலையில்தான் அந்த ஒரு நட்சத்திரம் வந்தது. அதற்குப் பதில் எழுத மலரோடு உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். "நீங்கள் எழுதியது உண்மை. உங்கள் மாமியாரிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இன்றிலிருந்து இங்கே யாரும் குடிக்க முடியாது. வசந்தா."

எங்கள் வீட்டுக்காரர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "என்ன இது, ஊருக்கே எழுதிக் குடுத்துட்டே?"

"ஆமா. இனிமே மாத்த முடியாதுல்ல?"

எழுதிவிட்டேனே தவிர, அதைக் காப்பாற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. மாதம் தவறாமல் குடிக்க வந்துகொண்டிருந்த ஒரு கோஷ்டியைத் திருப்பி அனுப்பினேன். ரூமுக்கு ரூம் 'இங்கே குடிக்கக் கூடாது' என்று போர்டு மாட்டினேன். ரூமிலிருந்த டம்ளரையெல்லாம் எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சொம்பு வைத்தேன். சொம்பில் ஊற்றிக் குடிக்க அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமே என்ற கணக்குத்தான். ஆளும் குறைந்தது. வைகாசி, ஆனியில் பல நாள் வராந்தாவில் நான் மட்டும் நடந்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் காலண்டரைப் பார்ப்பார். அவர் திட்டியிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

அந்தச் சும்மா இருந்த நாட்களில், எங்களைப் பற்றி வந்திருந்த மற்றக் குறைகளையெல்லாம் மலரைப் படிக்கச் சொன்னேன். தலையணையில் எண்ணெய் வாடை என்று ஒருவர். உண்மை. எண்ணெய்க் குளியலுக்குப் போகிறவர்களுக்கென்று கறுப்புத் துண்டும் தனி உறையும் வாங்கினேன். வெந்நீர் வர நேரமாகிறது என்று ஒருவர். போய்ப் பார்த்தால் கடைசி ரூமில் உப்பு பிடித்துக் குழாய் அடைத்திருந்தது. கடல் தெரியவில்லை என்று ஒரு மகானுபாவர் நட்சத்திரத்தைக் குறைத்திருந்தார். கடலைக் கொண்டுவந்து வாசலில் கட்டச் சொல்கிறாரா? அதை மட்டும் விட்டுவிட்டேன்.

மோரும் பாட்டிலும்

ஆனி கடைசி. சாயந்தரம் வெயில் தாழ்ந்த நேரம், கரூர் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் நல்ல உயரம், மீசை. "கோயிலுக்குங்க" என்றார். நம்பி ரூம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல். "அக்கா, மூணு டம்ளர். கொஞ்சம் ஐஸு."

பொறுக்கவில்லை எனக்கு. வீட்டிலிருந்து மூன்று டம்ளர் எடுத்தேன். நீர்மோர் ஊற்றினேன், கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"மோர். வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க."

மீசைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிலுக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். திறந்துகூட ஆகியிருந்தது. போர்டு எதிரே, என் கண்ணெதிரே. எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே மூன்று பேரும் ஓடிவந்தார்கள். வாசல் சாக்கடையில் கவிழ்த்துப் பிடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ரிசப்ஷனில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யோவ், உங்க சம்சாரம் மனுஷிதானாய்யா?" என்று மீசைக்காரர் அவரிடம் கேட்டார். கொடுத்த பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மூவரும் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கார் எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே எழுதிவிட்டார் போலிருக்கிறது. மலர் படிக்கும்போது நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வேஸ்ட் லாட்ஜ். ஓனரம்மா ராட்சசி. நிம்மதியா ரெண்டு ரவுண்டு போட முடியல. டம்ளர் கேட்டா மோர் கொண்டாந்து வைக்குது. ஃபுல் பாட்டிலைப் புடுங்கி சாக்கடையில ஊத்திருச்சு. பசங்களா, யாரும் போயிடாதீங்க. பொண்டாட்டி புள்ளையோட வர்றவனுக்குத்தான் இந்த லாட்ஜு லாயக்கு."

"போச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ராட்சசியாம்! ஐம்பது வயதைத் தாண்டி இந்தப் பெயரும் வாங்கியாயிற்று. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் ஒரு போன் வந்தது. சேலத்திலிருந்து ஒரு பெண் குரல், தயங்கித் தயங்கிப் பேசியது.

"ஏங்க, அந்த... பாட்டிலைச் சாக்கடையில ஊத்தினாங்களே, அந்த லாட்ஜுங்களா?"

"ஆமாங்க. நான்தான் ஊத்தினேன். என்ன இப்ப?"

"அக்கா, நாங்க பொம்பளைங்களா ஆறேழு பேரு வர்றோம். கோயிலுக்கு. ரெண்டு ரூம் வேணும்."

ஏன் எங்கள் லாட்ஜ் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மத்த லாட்ஜுலயெல்லாம் 'குடும்பத்துக்கு ஏற்றது'ன்னு அவங்களே எழுதியிருக்காங்க. உங்க லாட்ஜுக்குத்தான் ஒரு குடிகாரரு சாட்சி சொல்லியிருக்காரு."

அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. கைக்குழந்தைக்காரர்கள், வயசானவர்கள், தனியாக வரும் டீச்சரம்மா, வேளாங்கண்ணிக்குப் போகும் குடும்பம். "மோர் குடுப்பீங்களாமே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். தினமும் ஒரு பானை மோர் கரைக்கும்படி ஆயிற்று. மீசைக்காரருடைய கூட்டாளிகளும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு எங்களைத் திட்டினார்கள். அவர்கள் திட்டத் திட்ட, குடும்பத்தோடு வருகிறவர்கள் அடுத்த வாரத்து ரூமையும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஆடி மாதத்தில்கூட எங்கள் வராந்தாவில் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

ஆவணி பிறந்தது

முதல் சனிக்கிழமை. கதிரேசன் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்தார். அவரைச் சுற்றிப் பைகள், ஈரத்துண்டுகள், அழுகிற ஒரு குழந்தை.

"என்ன சார் முடிவு பண்ணினீங்க? நல்ல நாளு பார்த்துடலாமா?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டியதையெல்லாம் பேசியாயிற்று. இனி அவர்தான் சொல்ல வேண்டும். அவரோ துடைத்த மேஜையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு ஒருவரிடம் இல்லை என்று சொல்ல வருமா?

அப்போது வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. வயசான அம்மா, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். பின்னால், தோளில் துண்டை இழுத்து முகத்தைப் பாதி மறைத்தபடி ஒருவர். துண்டு மறைத்தாலும் மீசை மறையவில்லை.

"ஒரு ரூமு வேணுங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ராட்சசி லாட்ஜுலயா?"

அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மீசைக்காரர் மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, வயசுப் புள்ளைங்களோட வந்திருக்கேன். கூட்டாளிங்களோட இந்த ஊருக்கு எத்தனையோ தடவை வந்து தங்கியிருக்கேன். ஒவ்வொரு லாட்ஜும் எப்படின்னு எனக்குத்தான் தெரியும். என் புள்ளைங்களை இங்க விட்டா வேற எங்கயும் தங்க வைக்க மனசு வரலை." போனைக் கையில் எடுத்தார். "நான் எழுதினதை இப்பவே உங்க கண்ணு முன்னாலயே எடுத்துடறேன்."

"அதுல கை வச்சீங்கன்னா உங்களுக்கு ரூம் கிடையாது" என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் திரும்பிப் பலகையில் மீதி தொங்கிய ஒரே சாவியை எடுத்தார். அந்தப் பெரிய பெண்ணின் கையில் கொடுத்து, "மேல வலது பக்கம்மா. பயப்படாமப் போங்க" என்றார்.

பிறகு கதிரேசன் பக்கம் திரும்பினார். முப்பது வருடக் குடித்தனத்தில் நான் கேட்டிராத குரலில், நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உங்களுக்குக் குடுக்க இடம் இல்லீங்க."